தோக்குற வரைக்கும்

ஆண்கள் கபடி ஆட்டம் முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் என்று ஸ்கோர் பலகை சொன்னது. அது முடிந்தால் பெண்கள் இறங்க வேண்டும். ஒரு மனுஷி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லப் பதினெட்டு நிமிடம் போதாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, சுந்தரவடிவு கணுக்காலில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்து மறுபடியும் சுற்றினாள். இது மூன்றாவது தடவை. பட்டையில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் கையில் இருந்தது. பந்தல் நிழலில் வட்டமாக உட்கார்ந்திருந்த ஆலங்கிணறு மகளிர் அணியில் மற்ற எல்லோரும் சாவகாசமாக இருந்தார்கள், ஒருத்தி வேர்க்கடலை உடைத்துத் தின்றாள், ஒருத்தி தலைக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே எதையோ சொல்லிச் சிரித்தாள். சிரிக்கமாட்டார்களா பின்னே. பயிற்சி கொடுக்கிற தர்மர் சார் கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தார், "ஜெபக்கனி இன்னைக்கு உக்காரட்டும். முட்டி வீங்கியிருக்கு. இன்னும் ஆறு மேட்ச் கெடக்கு, இது ஒண்ணு போனாப் போகுது. பாறப்பட்டிக்காரிகட்ட எப்படியும் தோக்கத்தான் போறோம், அதுக்கு முட்டிய வேற எதுக்குக் குடுக்கணும்?" எல்லோரும் தலையாட்டினார்கள். வடிவும் ஆட்டினாள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. மண்டை அதுபாட்டுக்கு ஆடிவிட்டது, ஏழு வருஷப் பழக்கம், சார் சொன்னால் ஆடும். தர்மர் சார் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும், எழுந்து நின்று கத்தியிருக்கலாம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. முட்டி முட்டிதான், ஆறு மேட்ச் ஆறு மேட்ச்தான், பாறைப்பட்டி போன மூன்று வருஷமும் கோப்பை தூக்கிய அணிதான். போனாப் போகுது. போனால் எது போகும் என்று அவருக்குத் தெரியாது. இங்கே யாருக்குமே தெரியாது, ஏனென்றால் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வெட்கம். சிரிப்பார்களோ என்று பயம். முதல் வாரமே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள், நாலு வாரம் வயிற்றில் வைத்துப் பூட்டியதை இப்போது எந்த முகத்தோடு எடுத்து வெளியே வைப்பது. பதினாறு நிமிடம்.

எல்லாம் அந்தக் கேசரியிலிருந்து வந்தது. சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், இரண்டு மாத லீவு. ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவும் ஒரு தொந்தரவு. கபடி ஆடுகிற பெண் என்றதும், "எனக்கும் வெளையாட்டுன்னா ரொம்ப இஷ்டம், டிவில பாப்பேன்" என்றான். அவனுடைய அம்மாதான் வடிவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊசி போடத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். சர்க்கரையாம். காலையும் சாயங்காலமும் ஊசியாம். கல்யாணம் முடிந்து பத்து நாளில் மகன் மஸ்கட்டுக்குப் போய்விடுவான், மருமகள் சாத்தூரில் இருந்து ஊசி போடுவாள், எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு. அப்போதுதான் வடிவு, யாரும் கேட்காமலேயே, "நான் இந்த லீக் ஆடணும்" என்றாள். கேசரிக் கரண்டியெல்லாம் அப்படியே நின்றது. அப்பா முகம் கறுத்தது, ஆனால் வந்தவர்கள் முன்னால் விட்டுக்கொடுக்கவா முடியும், சிரித்தார். "ஆடட்டும் சம்மந்தி. தோக்குற வரைக்கும் ஆடட்டும். ஒரு மேட்ச் தோத்தா மறுநாள் பூ வச்சு நிச்சயம் பண்ணிருவோம். போன வருசம் பத்துல ஒண்ணுதான் ஜெயிச்சாளுக, மொத ஞாயித்துக்கெழமையே வீட்டுக்கு வந்துருவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஊசிக்கார அம்மாகூடச் சிரித்தாள். "என்னம்மா, சரிதான?" என்று அப்பா திரும்பிக் கேட்டார். அவள் "சரிப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். வேறு எந்தக் கிறுக்கி சரி என்று சொல்லியிருப்பாள்? ஆனால் அன்றைக்கு அது அவளுக்குப் பெரிய லாபமாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறதே என்றுதான் நினைத்தாள். ஒன்றே ஒன்று, கடைசியாக ஒரு தடவை களத்தில் நின்று ஒருத்தி கணுக்காலைப் பிடித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஜெயிக்கப்போகிறோம் என்று யார் கண்டது.

ஜெயித்தார்கள். முதல் வாரம் எதிரணி வந்த வேன் டயர் வெடித்து, ஏழு பேர் இறங்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர் இறங்கினார்கள். அது ஒரு ஜெயிப்பா. இரண்டாவது வாரம் அந்தப் பக்கத்துப் பெரிய ஆட்டக்காரி கடைசி நிமிடத்தில் கோட்டுக்கு வெளியே கால் வைத்தாள், யாரும் தள்ளவில்லை, தானாக வைத்தாள். மூன்றாவது வாரம், பிடிபட்டு விழுந்த ஜெபக்கனியின் கால் பெருவிரல். நடுக்கோட்டை அது தொட்டதா இல்லையா என்று நடுவர்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள், தொட்டது என்றார்கள், ஒரே புள்ளி வித்தியாசம். வடிவுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான், ஆனால் அவள் வாயைத் திறப்பாளா. நாலாவது வாரம் மட்டும் நிஜம். ஒன்பது புள்ளி வித்தியாசம், அன்றைக்கு வடிவே நாலு பேரைப் பிடித்தாள், இடது மூலையில் நின்று குனிந்த கண் நிமிராமல் வருகிற கால்களை மட்டுமே பார்த்து நாலு கணுக்காலை மடக்கினாள். அது நிஜம்தானே? இல்லை, எதிரணிக்காரிகளுக்கு முந்தின நாள் ஊர்க் கோயிலில் பொங்கல், தூங்கியிருக்கமாட்டார்கள். ஐந்து பேர், கோட்டு மிதி, பெருவிரல், தூக்கம். இப்படி எடுத்து அடுக்கிப் பார்த்தால் ஆலங்கிணறு இதுவரை எங்கே ஜெயித்தது? மற்றவர்கள்தான் தோற்றிருக்கிறார்கள். பேப்பரில் இரண்டு வரி வந்ததிலிருந்து ஊரே இந்த அணியைக் கொண்டாடுகிறது, டீக்கடையில் தர்மர் சாரிடம் காசு வாங்கமாட்டேன் என்கிறார்களாம். யாராவது ஒருத்தர் உட்கார்ந்து யோசித்தால் தெரிந்துவிடும், இது எத்தனை நாளைக்கு என்று. அவள் ஒருத்திதான் யோசிக்கிறாள். சாப்பிடும்போது யோசிக்கிறாள், பஸ்ஸில் யோசிக்கிறாள். ஜெயித்த மறு நிமிடமே எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதிக்கும்போது அவள் மனசு அடுத்த ஞாயிற்றுக்குப் போய் நின்றுகொள்கிறது. நாலு ஜெயிப்பில் ஒன்றைக்கூட அவள் முழுசாகச் சந்தோஷப்பட்டதில்லை. அப்பா அப்படியில்லை, அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "இந்த வாரமும் ஜெயிச்சுட்டாளுக சம்மந்தி" என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் குரலில் சொல்வார். உள்ளே வந்து வடிவு முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஒரு நாளாவது, போதும்மா நிறுத்து என்று சொன்னதில்லை. அவர் சொல் மாறியிருந்தால் அவளும் மாறியிருக்கலாம். அவர் மாறவில்லையே, அவள் எப்படி மாறுவாள். பதிமூன்று நிமிடம். ஆண்கள் ஆட்டத்தில் யாரோ யாரையோ பிடித்தார்கள், கூட்டம் கத்தியது.

மூன்று ஞாயிறு. இன்றைக்கு ஒன்று, அடுத்தது, அதற்கு அடுத்தது. அவ்வளவுதான் வேண்டும், கோப்பையா கேட்டாள். ஆனியில் மிச்சமிருப்பது மூன்று முகூர்த்தம், கடைசி முகூர்த்தம் இருபத்தேழாம் தேதி, அதைத் தாண்டினால் ஆடி, ஆடி பிறக்கும்போது மாப்பிள்ளை ஃபிளைட்டில் இருப்பான், அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிவகாசியில் காலண்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவளுக்கு முகூர்த்த நாள் தெரியாதா. தினசரித் தாள்களை விசிறி மாதிரி விரித்து ஐந்தைந்தாக எண்ணி அடுக்குகிற வேலை. இந்த வருஷத்துத் தாள்களைப் போன வருஷமே அவள் விரல் எண்ணி முடித்துவிட்டது. இன்றைக்கான ஞாயிற்றுத் தாளையும் அவள்தான் எண்ணியிருப்பாள், எத்தனை ஆயிரம் தடவை, ராகு காலம் நாலரை முதல் ஆறு, நல்ல நேரம், சுபமுகூர்த்தம் என்று சிவப்பில் ஒரு சின்ன எழுத்து, ஒன்றும் தெரியாமல் எண்ணிக் கட்டிப்போட்டாள். அப்படி யாராவது எண்ணிக் கட்டிப்போட்ட நாளில்தான் அக்காவுக்கும் கல்யாணம் நடந்தது. அக்கா பூங்கோதை நீளம் தாண்டுகிறவள். மாவட்டத்தில் இரண்டாவது. அவளும் அன்றைக்குச் சரிப்பா என்றுதான் சொன்னாள். போன மாதம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் ஓடியது, ஒரு முழ அகலம் இருக்கும், அக்கா அந்தக் கோடி வரைக்கும் நடந்து சுற்றிக்கொண்டு வந்தாள். வடிவு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை வைத்திருக்கிறாள், வழுக்கும், சுற்றித்தான் வருவாள், அதில் என்ன இருக்கிறது. அக்கா சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், கேட்டால் அப்படித்தான் சொல்கிறாள். யாரும் இங்கே கொடுமைக்காரர்கள் இல்லை. அப்பா இல்லை, மஸ்கட்காரன் இல்லை, ஊசிக்கார அம்மாவுக்கும் நிஜமாகவே சர்க்கரை இருக்கிறது. அவளுக்கு வேண்டாம், அவ்வளவுதான். வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சொல் என்றால் அவளிடம் காரணம் இல்லை, இடது மூலை இருக்கிறது. அந்த ஒரு இடத்தில் நிற்கும்போதுதான் அவளுக்குத் தான் யார் என்று சந்தேகம் வருவதில்லை. இதைப் போய் யாரிடம் சொல்ல.

பத்து நிமிடம். எழுந்தாள். ஜெபக்கனியிடம் கேட்டுவிட வேண்டியதுதான். பத்து நிமிடம் ஆடு, ஐந்து நிமிடம் ஆடு, ஒரு ஐந்து தடவை கபடி பாடி எதிரணிப் பக்கம் போய்விட்டு வந்து உட்கார்ந்துகொள், உனக்கு ஆயுசு முழுக்கத் துணி துவைக்கிறேன். ஜெபக்கனி துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவள், அவள் பாடிப் போனால்தான் இந்த அணிக்குப் புள்ளி வரும், நாலு ஜெயிப்பிலும் பாதிக்கு மேல் அவள் எடுத்தது. பந்தல் கம்பில் சாய்ந்து காலை நீட்டி, முட்டியின்மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் வடிவு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "என்னடி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் ஜெபக்கனி. "பாறப்பட்டின்னா பயமா? ஒரு மேட்ச்தானடி. தோத்தாத் தோப்போம். தலையா போயிரும்?" வடிவு வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெபக்கனி ஐஸ் பையைத் தூக்கிக் காட்டினாள். முட்டி முட்டியாக இல்லை. சுற்றிலும் உப்பி, ஓரத்தில் கருநீலம் பாய்ந்திருந்தது. "நேத்து கடையில மாடிப்படி எறங்கறப்ப உக்காந்தே எறங்குனேன். யார்ட்டயும் சொல்லிராத. நின்னு வேலை பாக்க முடியலன்னு தெரிஞ்சா அந்தாளு கணக்க முடிச்சு அனுப்பிருவாரு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வடிவுக்குத் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. இந்தக் காலையா கேட்க வந்தாள்? தன் கழுத்தைக் காப்பாற்ற இன்னொருத்தி காலையா? கேட்டால் வந்துவிடுவாள் ஜெபக்கனி, அதுதான் பயம். ஒரு வார்த்தை சொன்னால் பையைத் தூக்கி எறிந்துவிட்டு நொண்டிக்கொண்டே வந்து நிற்பாள். கேள், கேட்டுவிடு, இரண்டு வாரத்தில் வீக்கம் வடியும், பூ வைத்தால் வடியுமா? கேட்காதே. கேள். "தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். ஜெபக்கனி பாட்டிலை நீட்டினாள். தண்ணீர் வெந்நீராக இருந்தது. அதைக் குடித்துவிட்டு மூடியைத் திருகி, திருகியது போதாதென்று இன்னும் திருகி, திருப்பிக் கொடுத்தாள்.

ஆறு நிமிடம். வேலிக்கு அந்தப் பக்கம் டிவிஎஸ் வண்டியை ஸ்டாண்டு போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். ஒரு மேட்சுக்கும் வராதவர். இன்றைக்கு ஏன் என்று அவளுக்குத் தெரியும். காலையில் அம்மா இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி, "சாத்தூர்லருந்து மத்தியானமே வந்துருவாகளாம், பூக்காரிட்ட பத்து முழம் சொல்லியிருக்கு" என்றாள். ஆட்டம் நாலரை மணிக்கு. பூ மத்தியானத்துக்கே. பாறைப்பட்டி என்றால் அவ்வளவு நம்பிக்கை எல்லோருக்கும். இந்நேரம் வீட்டில் ஈரத்துணியில் சுற்றிய பத்து முழம் மல்லிகை எவர்சில்வர் வாளியில் இருக்கும், ஊசிக்கார அம்மா ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருப்பாள். மறுநாள் என்றுதானே பேச்சு, இன்றைக்கே வந்து உட்கார்ந்தால் என்ன அர்த்தம், அது சொல் மீறியதாகாதா? ஆகாது. வந்து இருப்பார்கள், ராத்திரி தங்குவார்கள், விடிந்ததும் வைப்பார்கள், அப்பா கணக்காகத்தான் செய்வார். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இந்தப் பதினெட்டு நிமிடம் இப்படித்தான் போயிருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அவர் எதை நினைத்துக்கொண்டு அந்த எண்களைப் பார்க்கிறார், தோற்கட்டும் என்றா? தெரியவில்லை. இருபத்திமூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அது தெரியவில்லை.

விசில். ஆண்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். களத்து விரிப்பில் சிந்தியிருந்த ஈரத்தைத் துடைக்க ஒருவர் துணியோடு ஓடினார். டாஸ் போட்டார்கள், பாறைப்பட்டி ஜெயித்துப் பக்கத்தைக் கேட்டது, முதலில் பாடிப் போவது ஆலங்கிணறு என்றார்கள். ஜெபக்கனி இல்லாததால் தங்கபுஷ்பம் அக்காதான் இன்றைக்குத் தலைவி. இரண்டு பிள்ளைக்காரி, வடிவுக்குப் பக்கத்து இடம், எதிராளி வரும்போது மூலைக்காரியும் பக்கத்துக்காரியும் கையைக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும், அப்படி ஏழு வருஷமாக வடிவின் வலது கை அவள் இடது கைக்குள் இருக்கிறது. பாடிப் போக முத்துராக்கு கோட்டருகே நின்று காலை உதறினாள். நல்ல பிள்ளை, ஓடுவாள், ஆனால் இதுவரை மொத்தமாக மூன்று தடவைதான் பாடிப் போயிருக்கிறாள், மூன்று தடவையும் திரும்பி வரவில்லை. வடிவு கையை நீட்டினாள், பழக்கத்தில். தங்கபுஷ்பம் பிடித்தாள், பிடித்த உடனே திரும்பினாள். "என்னடி கை இப்படிச் சில்லுன்னு கெடக்கு?" அவ்வளவுதான், எதைப் பதினெட்டு நிமிடமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாளோ அது வாயிலிருந்து விழுந்தது. "தோத்தா நாளைக்கு எனக்குப் பூ வைக்கிறாகக்கா. தோக்குற வரைக்கும்தான் ஆடலாம்னு அப்பாட்ட சரின்னுட்டேன்." தங்கபுஷ்பம் அவளைப் பார்த்தாள். "நாலு வாரமா?" என்றாள். "ஆமாக்கா, நாலு வாரமா." "அடிப்பாவி, இத இப்பவா சொல்லுவ?" என்று அவள் கேட்டபோது குரல் உடைந்தது, கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. கை மட்டும் இறுகியது. எலும்பு நோகும்படி இறுகியது.

"நான் பாடிப் போறேன்கா" என்றாள் வடிவு. அப்படிச் சொல்லப்போகிறோம் என்று சொல்லி முடிக்கும் வரை அவளுக்குத் தெரியாது. பிடிக்கிறவள் அவள், ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. ஆனால் நின்ற இடத்தில் நின்று வருகிற காலுக்குக் காத்திருக்க இன்றைக்கு அவளால் முடியாது. நாலு வாரம் காத்திருந்து காத்திருந்து உடம்பில் ஒன்றுமில்லை. தங்கபுஷ்பம் முத்துராக்குவைக் கையைக் காட்டிப் பின்னால் வரச் சொன்னாள், கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். "போ." ஓரத்திலிருந்து தர்மர் சார், "ஏ வடிவு, நீ எங்க போற? ஓன் எடம் அதுல்ல!" என்று கத்தினார். அவர் சொன்னதில் எப்போதும்போல் தப்பில்லை. இந்தத் தடவை மண்டை ஆடவில்லை. நடுக்கோட்டுக்கு வந்தாள். அந்தப் பக்கம் ஏழு பேர் கைகோத்து நின்றார்கள், மூலைக்காரி இவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த மூலைக்காரி என்ன செய்வாள் என்று இந்த மைதானத்தில் வடிவைவிட யாருக்குத் தெரியும், எப்போது குனிவாள், எந்தக் காலை முதலில் எடுப்பாள், கண் எங்கே போகும், அவளேதானே அது. ஜெயிப்போமா? மாட்டோம். ஜெபக்கனி இல்லாமல் எப்படி. இருபது இருபது நாற்பது நிமிடம் கிடக்கிறது, நாற்பது நிமிடமும் இவளே பாட முடியுமா, மூன்று ஞாயிறும் இவளே பாட முடியுமா. முடியாது. கையைத் தரையில் தொட்டு நெற்றியில் வைத்தாள். நெஞ்சு நிறைய, விலா நோக, எடுக்க முடிந்த வரைக்கும் மூச்சை எடுத்தாள். விசில் ஊதியது. வேலிப் பக்கம் யாரோ, அப்பா குரல் மாதிரியே இருந்தது, "வடிவு" என்று ஒரு தடவை கூப்பிட்டார்கள். போகாதே என்றா, விடாதே என்றா என்று தெரியவில்லை, அவள் திரும்பவில்லை. கபடி என்றாள். குரல் நடுங்கியது, இரண்டாவது தடவை நடுங்கவில்லை. கபடி கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டி வலது காலை வைத்து, அந்த மூலையைப் பார்த்து நகர்ந்தாள். இன்னும் மூச்சு இருந்தது.